ஓட்டு வாங்க வாசலுக்கு வந்த அரசு, உரிமையைக் கொடுக்கவும் வாசலுக்கு வரணும்!

(அக்டோபர் 1, உலக முதியோர் நாளையொட்டி நடந்த கட்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள். கடைசியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.)



2024 நாடாளுமன்றத் தேர்தலை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. 85 வயதைக் கடந்தவர்களும், 40 சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம்னு தேர்தல் ஆணையம் சொல்லியிருந்தது. 12டி படிவத்தை நிரப்பிக் கொடுத்தவங்க வீட்டுக்கு அதிகாரிகள் வந்தாங்க. கூடவே போலீஸ் வந்தது, வீடியோ எடுக்க ஆள் வந்தது. மடக்கு மறைப்பை விரிச்சு, வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்து, உறையில் போட்டு ஒட்டி வாங்கிட்டுப் போனாங்க. கட்டிலை விட்டு எழுந்திரிக்க முடியாத பாட்டிக்கும் ஓட்டு கிடைச்சது.

நல்ல ஏற்பாடு. பாராட்டுறோம். அதே பாட்டிக்கு மாத உதவித்தொகை நின்னு போச்சுன்னு வைங்க. "தாலுகா ஆபீசுக்கு வாங்க, ஆதாரைப் புதுப்பிச்சுட்டு வாங்க, வங்கியில போய் ரேகை வைங்க"ன்னு சொல்றாங்க. ஓட்டு வாங்க மலை ஏறி வந்த அரசு, 1,200 ரூபாய் கொடுக்க மட்டும் பாட்டியை மலை இறங்கி வரச் சொல்லுது. இது எந்த ஊர் நியாயம்?

இன்னைக்கு நான் பேச வந்ததே இதுதான். எல்லோருக்கும் ஒரே கவுன்ட்டர், ஒரே படிவம், ஒரே விதி என்று வைத்துவிட்டால் அது சமத்துவம் ஆகிவிடாது. நடக்க முடிந்தவரையும் நடக்க முடியாதவரையும் ஒரே வரிசையில் நிற்கச் சொன்னால், அந்த வரிசை நடக்க முடிந்தவருக்காகப் போடப்பட்டது என்றுதான் அர்த்தம். சேவை மனுஷனைத் தேடிப் போகணும். அதுதான் சமம்.

"முதியோர்" என்றால் யார்?

அரசாங்கத்தின் கோப்பில் முதியோர் என்பது ஒரே ஒரு கட்டம். 60 வயது ஆயிடுச்சா, டிக் அடி. அவ்வளவுதான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 10 கோடியே 38 லட்சம் பேர். தமிழ்நாட்டில் அப்போதே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல். 2021ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த ஆண்டில் நடக்கவே இல்லை. எத்தனை பேர் என்றே புதிதாக எண்ணாமல்தான் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தக் கோடிக்கணக்கான பேரும் ஒரே மாதிரியா? தூத்துக்குடி உப்பளத்தில் நாற்பது வருஷம் உப்பு வாரிய அம்மாவும், அரசு வேலையில் ஓய்வு பெற்று மாதாமாதம் ஓய்வூதியம் வாங்கும் ஐயாவும் ஒன்றா? வால்பாறையில் கொழுந்து பறித்தவர், வேலை முடிந்ததும் எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர். தென்காசிப் பக்கம் பீடி சுற்றி இடுப்பு ஒடிந்தவர். ஜவ்வாது மலையில், பிறந்த தேதி எழுதிய ஒரு காகிதமும் இல்லாமல் வாழ்ந்தவர். ஊரை விட்டுத் தள்ளி காலனியில் இருப்பவர். குடும்பம் துரத்திவிட்ட திருநங்கை அம்மா. கண் தெரியாத தாத்தா. காது கேட்காத பாட்டி. மண்டபத்திலும் கும்மிடிப்பூண்டியிலும் முகாமுக்குள்ளேயே முதுமை அடைந்த ஈழத்துப் பெரியவர்.

இவர்கள் எல்லோருக்கும் வயது ஒன்றுதான். வாழ்ந்த வாழ்க்கை வேறு வேறு. அதனால் தடுக்கும் கதவும் வேறு வேறு.

உழைத்த கைக்கு ரேகை இல்லை

முதல் கதவு, ரேகை. ரேஷன் கடையில் விரல் வைக்கணும். வங்கி முகவர் கொண்டு வரும் சின்ன இயந்திரத்தில் விரல் வைக்கணும். யாருக்கு ரேகை விழாது என்று யோசித்துப் பாருங்கள். சிமென்ட் குழைத்தவருக்கு விழாது. உப்பு வாரியவருக்கு விழாது. சுண்ணாம்பு, துணி சோப்பு, தேயிலை என்று வாழ்நாள் முழுக்க விரலைத் தேய்த்தவருக்கு விழாது. வயசானால் தோலும் தளர்ந்துவிடும். மேசை முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தவருக்குப் பெரும்பாலும் முதல் தடவையே விழுந்துவிடும்.

அதாவது, உடம்பால் அதிகம் உழைத்தவரைத்தான் இயந்திரம் "நீ நீயில்லை" என்று திருப்பி அனுப்புகிறது. இது தொழில்நுட்பக் கோளாறு என்று தள்ளிவிட முடியாது தோழர்களே. இது வர்க்கம் பார்க்கும் இயந்திரம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 செப்டம்பர் 26 அன்று ஆதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விரல்ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்காகத் தகுதியுள்ள யாருக்கும் பலனை மறுக்கக் கூடாது என்பது அதில் தெளிவாக இருக்கிறது. வேறு வழியில் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டியது அதிகாரியின் கடமை. கடைக்கு வர முடியாத முதியவர் தனக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப நம் ரேஷன் முறையில் அங்கீகாரப் படிவம் என்று ஒன்று உண்டு. எத்தனை பேருக்குத் தெரியும்? எத்தனை கடைகளில் அதை எழுதி ஒட்டியிருக்கிறார்கள்? உங்கள் கடையில் இருக்கிறதா என்று நாளைக்கே போய்ப் பாருங்கள்.

நாளைக்கு ஏழு ரூபாய் கூட இல்லை

இரண்டாவது கதவு, பணம். தேசிய முதியோர் உதவித்தொகைத் திட்டம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அப்போது மத்திய அரசின் பங்கு மாதம் 75 ரூபாய். பிறகு 200 ஆனது. 60 முதல் 79 வயது வரை உள்ளவர்களுக்கு இன்னும் அதே 200தான். 80 வயதைக் கடந்தால் 500. கணக்குப் போடுங்க. 200ஐ முப்பதால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏழு ரூபாய் கூட வரல. டீக்கடையில் ஒரு டீ அதைவிட விலை அதிகம். 2007க்குப் பிறகு எத்தனை தடவை கேஸ் விலை ஏறியது, எத்தனை தடவை எம்.பி.க்கள் சம்பளம் ஏறியது? இந்த 200 மட்டும் ஒரு ரூபாய் கூட ஏறவில்லை.

அதுவும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் இருப்பவருக்கு மட்டும். நாடு முழுக்க சுமார் 2.2 கோடி பேர் என்று ஒரு வரம்பு. வரம்புக்கு வெளியே நிற்கும் ஏழைக்கு மத்திய அரசின் பதில், காத்திரு. 75 வயதில் காத்திரு என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

தமிழ்நாடு மாநில நிதியைச் சேர்த்து 2023 ஆகஸ்டில் இருந்து 1,200 ரூபாய் கொடுக்கிறது. அதாவது நாளைக்கு நாற்பது ரூபாய். மத்திய அரசைவிடப் பல மடங்கு மேல், சரி. ஆனால் வாடகை வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்கு இது மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் போதுமா? போதாது என்று நட்போடு சொல்லும் உரிமை நமக்கு உண்டு.

"பிள்ளை இருக்கான்ல?"

மூன்றாவது கதவு ஒரு கேள்வி. மனு கொடுக்கப் போகும் அம்மாவிடம் கேட்பார்கள், "பையன் இருக்கான்ல, அப்புறம் எப்படி ஆதரவற்றவர்?" பையன் இருக்கிறான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அவன் சம்பளம் அவன் பிள்ளைகளுக்கே போதவில்லை. இல்லையென்றால் நான்கு வருஷமாகப் பேச்சே இல்லை. இதை எல்லார் முன்னாலும் சொல்லி, "என் மகன் எனக்குச் சோறு போடல" என்று அழுது நிரூபித்தால்தான் 1,200 ரூபாய். ஒரு தாய் தன் பிள்ளையைக் காட்டிக்கொடுத்தால்தான் அரசு உதவும் என்றால், பல தாய்மார்கள் பட்டினியைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். தேர்ந்தெடுக்கவும் செய்கிறார்கள்.

முதுமை உதவி என்பது பிள்ளை மேல் புகார் கொடுத்ததற்கான பரிசாக இருக்கக் கூடாது. அது உழைத்த காலத்துக்கான உரிமை. அரசியலமைப்புச் சட்டத்தின் 41ஆவது பிரிவு, முதுமையிலும் நோயிலும் அரசு உதவ ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சொல்கிறது. "பிள்ளை இல்லாவிட்டால்" என்று அதில் எழுதியில்லை.

பட்டியலில் இடம் இல்லாதவர்கள்

இன்னும் சிலருக்குக் கதவு மூடியிருக்கு என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்களுக்குக் கதவே வைக்கவில்லை.

திருநங்கைகளுக்கு 2008லேயே நலவாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. அது பெருமைதான். ஆனால் அறுபது எழுபது வயதான திருநங்கை அம்மாவின் நிலையைப் பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வாக்காளர் அட்டையில் ஒரு பெயர், பிறந்த வீட்டு ரேஷன் கார்டில் பெயரே இல்லை. மருத்துவமனையில் ஆண்கள் வார்டா, பெண்கள் வார்டா என்று வாசலிலேயே விசாரணை. முதியோர் இல்லத்திலும் அதே கேள்வி. வாழ்நாள் முழுக்க அவமானப்பட்டவர், கடைசிக் காலத்தில் அந்த வாசலுக்குப் போகாமலே இருந்துவிடுகிறார்.

மலையில் இருக்கும் பழங்குடிப் பெரியவருக்கு வயதுச் சான்று இல்லை. சிக்னல் இல்லாததால் இயந்திரம் வேலை செய்யாது. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், பணியர் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு மொழி. கவுன்ட்டரில் இருப்பவர் பேசும் தமிழே சில பெரியவர்களுக்கு இரண்டாவது மொழி. படிவத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

முகாம்களில் வாழும் ஈழத்தமிழ்ப் பெரியவர்களை நினைத்துப் பாருங்கள். 1983ல் 25 வயதில் படகேறி வந்தவருக்கு இப்போ 65ஐத் தாண்டியாச்சு. வாழ்க்கையின் பெரும்பகுதி இந்த மண்ணில்தான். இன்னும் குடிமகன் இல்லை. 2019ல் கொண்டு வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. முகாம் பெயரை 2021ல் "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றினார்கள், வரவேற்றோம். குடியுரிமை இல்லாமல் முதுமையில் என்ன மறுவாழ்வு?

இங்கே ஒரு விஷயத்தை மனசுல வைங்க. அவங்களுக்கு ஓட்டு கிடையாது. வீட்டுக்கு வாக்குப்பெட்டி வராது. அதனால் எந்தக் கட்சிக்கும் கணக்கில் லாபம் இல்லை. அதனாலேயே நாம் பேசியாகணும். ஓட்டு இருப்பவருக்கு மட்டும் பேசுவது வியாபாரம், தோழர்களே.

பஸ்ஸும் ரயிலும்

மருத்துவமனை இருக்கு, போய்ச் சேர வழி? சென்னையில் 60 வயது கடந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு. விழுப்புரத்துக் கிராமத்து ஐயாவுக்கு? பெண்களுக்கு 2021ல் இருந்து நகரப் பேருந்தில் கட்டணமில்லை. அது பெரிய மாற்றம். அதன் அடுத்த படியாகச் சென்னைக்கு வெளியே உள்ள முதியவர்களுக்கும் கொடுக்கலாமே.

ரயிலில் என்ன செய்தார்கள்? மூத்த ஆண்களுக்கு 40 சதவீதமும் பெண்களுக்கு 50 சதவீதமும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவைக் காரணம் காட்டி நிறுத்தினார்கள். கொரோனா போனது. சலுகை வரவில்லை. மதுரைக்கோ வேலூருக்கோ பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏழை முதியவரின் பையில் இருந்துதான் அந்தப் பணம் போகிறது.

"முடியுமா?" என்று கேட்பவர்களுக்கு

வீட்டுக்கு வீடு போய்ச் சேவை கொடுக்க முடியுமா என்று கேட்பார்கள். முடியும். இந்த மாநிலமே அதற்குச் சாட்சி. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தது. 2025 ஆகஸ்டில் தாயுமானவர் திட்டம் தொடங்கியது. 70 வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வண்டியில் ஏற்றி வாசலுக்கே கொண்டு வந்தார்கள். மாத்திரையும் அரிசியும் வாசலுக்கு வர முடியும் என்றால், மனுவை வாங்கும் அதிகாரியும் ஆதாரைப் புதுப்பிக்கும் இயந்திரமும் ஏன் வர முடியாது?

"வயசானவங்களைப் பிள்ளைங்க பார்த்துக்கணும், அரசாங்கம் எதுக்கு?" என்றும் சிலர் கேட்பார்கள். பிள்ளைகள் பார்க்கணும், மறுக்கல. பெற்றோர் மற்றும் முதியோர் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ல் வந்தது அதற்காகத்தான். ஆனால் அதே சட்டம் அரசுக்கும் கடமை வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்கிறது. மாவட்டத்துக்குக் குறைந்தது ஒரு முதியோர் இல்லமாவது கட்டத்தக்கதாகப் படிப்படியாக அமைக்கலாம் என்கிறது. பிள்ளைகளின் கடமையை மட்டும் படித்துவிட்டு அரசின் கடமை வரும் பக்கத்தைப் புரட்டாமல் விடுவது நேர்மை இல்லை.

நாம் கேட்பது என்ன?

1. முதியோர் உதவித்தொகையில் மத்திய அரசின் 200 ரூபாயை உடனே உயர்த்த வேண்டும். விலைவாசியோடு சேர்ந்து அது தானாக ஏற வேண்டும். எண்ணிக்கை வரம்பை நீக்க வேண்டும்.

2. "பிள்ளை இருக்கிறதா" என்ற கேள்வியால் மட்டும் எந்த மனுவையும் தள்ளக் கூடாது. மனுவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும்.

3. ரேகை விழவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது. மாற்று வழியைக் கடை வாசலில் பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும்.

4. 75 வயது கடந்தவர்கள், படுக்கையில் இருப்பவர்கள், மலைக்கிராமத்தவர் வீட்டுக்கு அதிகாரியே போய் மனு வாங்கி, ஆதாரும் புதுப்பித்துக் கொடுக்க வேண்டும்.

5. திருநர் முதியோருக்குப் பெயர் வேறுபாட்டைக் காரணம் காட்டி எந்தச் சேவையையும் மறுக்கக் கூடாது. முதியோர் இல்லங்களில் அவர்களுக்கு மரியாதையோடு இடம் வேண்டும்.

6. முகாம்களில் வாழும் முதியவர்களுக்குக் குடியுரிமை கொடுக்க வேண்டும். அதுவரை, மாநில அரசின் முதியோர் உதவி எதுவும் அவர்களுக்கு மறுக்கப்படக் கூடாது.

7. ரயில் கட்டணச் சலுகையைத் திருப்பித் தர வேண்டும். பேருந்துச் சலுகை சென்னையோடு நிற்கக் கூடாது.

இப்போது உங்கள் வேலை

லைக் போட்டுட்டுப் போயிடாதீங்க. இந்த வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் 60 வயது கடந்தவர்கள் வீட்டுக்குப் போங்கள். உட்கார்ந்து நாலு கேள்வி கேளுங்கள். உதவித்தொகை வருதா? ரேஷன் யார் வாங்கிட்டு வர்றாங்க? மாத்திரை தடையில்லாமல் கிடைக்குதா? கடைசியா எந்த ஆபீசில் திருப்பி அனுப்பினாங்க? ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

காலனிக்குப் போங்கள். திருநங்கைகள் இருக்கும் தெருவுக்குப் போங்கள். பக்கத்தில் முகாம் இருந்தால் அங்கேயும் கேளுங்கள். நமக்கு ஓட்டுப் போடுபவரா என்று பார்க்காதீர்கள்.

உதவித்தொகை நின்றிருந்தால் மனு எழுதுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பதில் வரவில்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் சொல்லியாகணும். வீட்டில் துன்புறுத்தல் இருந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் கிடையாது. அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவங்க வீட்டுச் சுவரில் ஒட்டிட்டு வாங்க. ஜீவனாம்சம் கேட்டுக் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கவும் 2007 சட்டத்தில் வழி உண்டு. அதற்கு வக்கீல் வேண்டியதில்லை.

இரண்டே இரண்டு நிபந்தனை. யாரிடமும் ஒரு டீ கூட வாங்கக் கூடாது. உதவித்தொகை கிடைத்த பிறகு "எங்க கட்சி வாங்கிக் கொடுத்தது" என்று பாட்டியை நிறுத்தி வைத்து போட்டோ எடுத்துப் போடக் கூடாது. அது அவர்கள் உழைப்பின் பாக்கி. பாக்கியை வசூலிக்கக் கூடப் போனவர்கள் நாம், அவ்வளவுதான்.

அடுத்த தேர்தல் வரும். மடக்கு மறைப்போடு, வாக்குச்சீட்டோடு, அதிகாரிகள் மறுபடியும் அந்த வாசலுக்கு வருவார்கள். அதற்கு முன்னால் உதவித்தொகையும் மருந்தும் மரியாதையும் அந்த வாசலுக்கு வந்திருக்க வேண்டும். வர வைப்போம்.

நோட்டில் எழுதியதை உங்கள் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். அவை ஒன்று சேர்ந்து மாவட்டப் பட்டியலாக ஆட்சியர் மேசைக்குப் போகும்.



#முதியோர்_உரிமை #வாசலுக்கு_வரட்டும்_அரசு #பாக்கியைக்_கொடு